ஒட்டடை வைத்த கள்ளக் கதவு

கட்டடம் எழும்பும் அந்த இடத்தில் எல்லாரும் அவளை மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேலே இருப்பவள், ஆகவே மேலக்கா. இதற்கும் விளக்கம் கேட்கிறவர்களை ஒன்றும் செய்வதற்கில்லை. இருபத்திரண்டு வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறாள். காலை ஏழு மணிக்கு ஏணியில் கால் வைத்தால் சாயங்காலம்தான் தரைக்கு வருவாள். அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி, கைக்கு ஒரு லிவர். இடது லிவர் கிரேனைச் சுற்றவும் கொக்கியை முன்னும் பின்னும் நகர்த்தவும். வலது லிவர் கொக்கியை ஏற்றவும் இறக்கவும். வலது லிவரின் தலையில் ஒரு பொத்தான் உண்டு. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தால்தான் லிவர் வேலை செய்யும். விரல் விலகினால் பிரேக் விழுந்து எல்லாம் அப்படியே நின்றுவிடும். ஓட்டுகிறவர் மயங்கிச் சாய்ந்தாலும் சுமை யார் தலையிலும் இறங்கிவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது.

அவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரில் அவளைத் தெரிந்தவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களில் ஒருவரைத் தவிர யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அந்தப் பெயர் ஒட்டடை. உச்சியில் தொங்கிக்கொண்டிருப்பதால் தனக்குத் தானே வைத்துக்கொண்டது.

கதை இதுதான். காற்று பலமாக அடித்தால் கிரேனை நிறுத்திவிட வேண்டும். காற்று எப்போது அடங்கும் என்று சொல்ல முடியாது. இறங்கி ஏறவே முக்கால் மணி நேரம் போய்விடும் என்பதால் அவள் மேலேயே உட்கார்ந்திருப்பாள். முதலில் பின்னல் போட்டுப் பார்த்தாள், ஒத்துவரவில்லை. எட்டு வருடத்துக்கு முன்பு அவள் கணவர் கையடக்கமான ஒரு விளையாட்டுக் கருவியை வாங்கிக் கொடுத்தார். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வீட்டில் பிழையைக் கண்டுபிடிப்பதோடு சரி, திருத்துகிற பழக்கமெல்லாம் கிடையாது.

அந்தக் கருவியில் ஒரு தவளை விளையாட்டு இருந்தது. தவளை இடமிருந்து வலமாகப் போகும். வழியில் பள்ளம், முள், நகரும் கல், தொங்கும் கல். எல்லாவற்றையும் தாண்டிக் குதித்துக் கடைசியில் இருக்கிற விளக்கைத் தொட்டால் லெவல் முடிந்தது. கரணம் தப்பினால் மரணம், செத்த இடத்தில் ஒரு சிவப்புக் குறி விழும், மறுபடி முதலிலிருந்து. இதில் என்ன புதுமை என்றால், விளையாட்டைச் செய்தவர்கள் தங்கள் பங்குக்குப் பத்து லெவல் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். மற்றதெல்லாம் ஆடுகிறவர்களே செய்து ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வது. யாரும் செய்யலாம், எவ்வளவு கொடூரமாகவும் செய்யலாம். ஒரே ஒரு விதி. செய்தவர் தன் லெவலைத் தானே ஒருமுறை முழுசாக முடித்துக் காட்ட வேண்டும், அப்போதுதான் பகிர்கிற பொத்தான் எரியும். தான் தாண்டாத பள்ளத்தில் அடுத்தவனைத் தள்ளாதே என்று யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்திருக்கிறார்.

நல்ல மனிதர் ஒரு விதி செய்தால் நம் ஆட்கள் அதில் நாலு ஓட்டை போடாமல் இருப்பார்களா? லெவலின் ஏதோ ஒரு மூலையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவைச் செய்தவரே ஒளித்து வைப்பார். அதற்குள் நுழைந்தால் நேராக விளக்கின் பக்கத்தில் போய் நிற்கலாம். மற்றவர்கள் முள்ளில் விழுந்து சாக, செய்தவர் மட்டும் அந்த வழியாகப் போய் முடித்துக் காட்டிவிட்டுப் பகிர்ந்துவிடுவார். இதற்குக் கள்ளக் கதவு என்று பெயர். இந்த ஆட்டத்தில் இதைவிடக் கேவலமான காரியம் கிடையாது.

ஒட்டடை அறுபத்தொரு லெவல் செய்திருந்தாள். ஒன்றில்கூடக் கள்ளக் கதவு இல்லை. எல்லாவற்றிலும் சங்கிலியில் ஆடுகிற கற்கள் இருக்கும். கொக்கியில் சுமை ஆடத் தொடங்கினால் பதறிப்போய் நிறுத்தக் கூடாது, சுமை போகிற பக்கமே கொக்கியையும் கொஞ்சம் கொண்டுபோக வேண்டும், அப்போது ஆட்டம் தானாக அடங்கும். ஆட்டத்தைப் பிடிப்பது என்று இதைச் சொல்வார்கள். அதைத்தான் அவள் தவளைக்கும் வைத்தாள். கல்லுக்காகக் காத்திருந்து குதிக்கிறவன் செத்தான், கல்லோடு சேர்ந்து போகிறவன் பிழைத்தான். அவளுடைய லெவல் ஒன்றின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'ஒட்டடை லெவல்ல செத்தா அது நம்ம தப்புதான்.' அதை அவள் எத்தனை முறை படித்திருப்பாள் என்று கேட்டால் வெட்கப்படுவாள்.

முகம் தெரிந்த அந்த ஒருவன், கீழே நின்று அவளுக்குச் சைகை கொடுக்கிறவன். பழைய நாளில் கொடியை ஆட்டிச் சொல்வார்களாம். இப்போது வாக்கி-டாக்கி வந்துவிட்டது, ஆனாலும் கொடி என்ற பெயர் அவனை விடவில்லை. முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள். ஆறு வருடமாக அவளுடைய கொக்கிக்குக் கீழே வேலை. கட்டடம் மறைக்கிற இடத்தில் சுமை இறங்கும்போது அவளுக்குக் கண் தெரியாது. குருட்டு மூலை என்பார்கள். அங்கே அவன்தான் கண். 'இறக்கு, இறக்கு' என்று அவன் குரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை அவள் இறக்குவாள், குரல் நின்றால் நிறுத்துவாள். தவளை ஆட்டத்தில் அவன் வைத்துக்கொண்ட பெயர் 'மறுபடியும்'. பெயருக்கேற்ற ஆட்டக்காரன். அவள் லெவல் போட்டவுடன் முதல் ஆளாக வந்து முதல் ஆளாகச் சாவான். கீழே 'செத்தேன்' என்று எழுதுவான். கொஞ்ச நேரம் கழித்து 'மறுபடியும் செத்தேன்' என்று எழுதுவான்.

மூன்று மாதத்துக்கு முன்பு, அறுபத்திரண்டாவது லெவலைச் செய்து முடித்து, முடித்துக் காட்டுவதற்காக ஆடினாள். மூன்றாவது சங்கிலியில் தவளை ஒருமுறை குதிக்க வேண்டிய இடத்தில் இரண்டுமுறை குதித்து முள்ளில் விழுந்தது. மறுபடி ஆடினாள், அதே இடம். அடுத்த நாளும் அதே இடம். பொத்தான் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, கணவரை நச்சரித்துப் புதுக் கருவி வாங்கினாள். புதுக் கருவியிலும் தவளை இரண்டுமுறை குதித்தது. சிவப்புக் குறிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து அந்த இடம் ரத்தக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் கணவர் கொண்டுவந்த அச்சுத்தாள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தாளின் ஓரம் படபடவென்று அடித்தது. மின்விசிறி ஓடவில்லை.

பழுது பொத்தானில் இல்லை, விரலில் இருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நியாயம் பேசுவது சுலபம். கை நடுங்குகிறவளைக் கிரேனில் ஏற்ற மாட்டார்கள், ஒரு நாளும் ஏற்ற மாட்டார்கள், அது சரியான சட்டம்தான். ஆனால் தரையில் அவள் யார்? சந்தையில் இடிபடுகிற, பேருந்தில் இடம் கேட்டு நிற்கிற, ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண்பிள்ளை. மேலே போனால் நூறு பேர் அவள் கையைப் பார்த்து வேலை செய்வார்கள். அதை விட மனசில்லை. வருடாந்திரப் பரிசோதனை முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, அடுத்ததற்கு ஒன்பது மாதம் இருந்தது. அதற்குள் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நாமும் எத்தனை முறை நினைத்திருக்கிறோம்!

காங்கிரீட் படிக்கட்டு ஒன்றைத் தூக்கியபோது கட்டைவிரல் ஒரு நொடி பொத்தானை விட்டு விலகியது. பிரேக் விழுந்து நாலு டன் படிக்கட்டு அந்தரத்தில் குலுங்கி நின்றது. கியர் பெட்டியில் கோளாறு போல என்று சொன்னாள். மெக்கானிக் பெட்டியைக் கழற்றிப் பார்த்து ஒன்றும் இல்லை என்றான். வீட்டில் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினாள். பிழை திருத்துகிறவர் அதைக் கண்டுபிடித்தார், குளிரா என்று கேட்டார். ஆமாம் என்றாள். வழக்கம்போல அவர் அதோடு விட்டுவிட்டார்.

இதற்கிடையில் ஒட்டடை எங்கே போனாள் என்று தவளை ஆட்டக்காரர்களிடம் கேள்விமேல் கேள்வி. நானூறு முறைக்கு மேல் ஆடியும் மூன்றாவது சங்கிலியை அவளால் தாண்ட முடியவில்லை. அந்த ஒரு சங்கிலியை எடுத்துவிட்டால் முடிந்தது, ஆனால் அவளுடைய ரோஷம் விடவில்லை. போன வெள்ளிக்கிழமை லெவலின் தொடக்கத்திலேயே, தவளை நிற்கிற இடத்துக்குப் பின்னால், சுவர் மறைக்கிற மூலையில் ஒரு கள்ளக் கதவை வைத்தாள். இடதுபக்கம் திரும்பி யாரும் நடக்க மாட்டார்கள், எல்லாரும் வலதுபக்கம்தான் ஓடுவார்கள். கதவு வழியாகப் போய் விளக்கைத் தொட்டாள். பகிர்கிற பொத்தான் எரிந்தது. அழுத்தினாள். அழுத்திய விரல் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை காலை ஏணியடியில் கொடி நின்றுகொண்டிருந்தான். வழக்கமாக அந்த நேரத்தில் அவன் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பான்.

"அக்கா, உங்க லெவல முடிச்சுட்டேன்" என்றான்.

அவன் அவளுடைய லெவல் ஒன்றை முடிப்பது இதுதான் முதல் தடவை. அவள் கையுறையை மாட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டாள்.

"கதவு வழியா முடிச்சேன். எனக்கு எங்க போனாலும் குருட்டு மூலையத்தான் மொதல்ல பாக்கற பழக்கம். ஏன்க்கா வெச்சீங்க?"

"சும்மா ஒரு விளையாட்டுக்கு."

"நீங்க விளையாட்டுல விளையாட மாட்டீங்களே அக்கா."

அவள் ஏணியைப் பிடித்தாள். அவன் அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. கண்கொத்திப் பாம்பு என்று மனசுக்குள் திட்டினாள். திட்டினாலாவது பயம் போகும் என்று நினைத்தாள், போகவில்லை.

அன்றைக்கு முக்கியமான சுமை ஒன்று இருந்தது. மூன்று டன் ஜெனரேட்டர். புதுக் கட்டடத்துக்கும் பின்னால் இருக்கிற பழைய கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து, அதற்குள் அதை இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு முழம் இடைவெளிதான். கூண்டிலிருந்து பார்த்தால் சந்து தெரியாது, முழுக்க முழுக்கக் குருட்டு மூலை. சந்துக்குள் நாலு ஆட்கள் ஜெனரேட்டரைப் பிடித்துத் திருப்பிப் பீடத்தில் உட்காரவைக்கக் காத்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் கொடி.

பதினோரு மணிக்குத் தூக்கினாள். முன்பக்கத்து மைதானத்திலிருந்து எடுத்து, கூரைக்கு மேலே கொண்டுபோய், கிரேனைச் சுற்றிச் சந்துக்கு நேராக நிறுத்தினாள். ஒரு பிசகும் இல்லை. இன்று கை நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள்.

"இறக்கு" என்று கொடியின் குரல் வந்தது. "இறக்கு, இறக்கு. மெதுவா. இறக்கு."

ஜெனரேட்டர் கூரை விளிம்புக்குக் கீழே போய் மறைந்தது. இனி அவளுக்குத் தெரிவது இறங்குகிற இரும்புக் கயிறு மட்டும். வலது கையை இறுக்கினாள். இறுக்கியதுதான் தாமதம், நடுக்கம் தோள்வரை ஏறியது. கட்டைவிரல் பொத்தானிலிருந்து வழுக்கியது. பிரேக் விழுந்தது. கூண்டு ஒருமுறை தூக்கிப் போட்டது. சந்துக்குள்ளிருந்து யாரோ கத்துவது அவ்வளவு உயரத்துக்கும் கேட்டது.

"நிறுத்து" என்றான் கொடி.

அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தைக்கு அங்கே தனி மரியாதை உண்டு. யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும், சொன்னவன் சரி என்று சொல்கிறவரை கொக்கி அசையக் கூடாது. அவள் இரண்டு லிவரையும் விட்டாள்.

மேஸ்திரி கூரையில் நின்றிருந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். காற்று வரப்போகிறது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் நிறுத்தினாய் என்று வாக்கி-டாக்கியில் கேட்டார். எனக்குச் சரியாகப் படவில்லை என்றான் கொடி. கயிறா என்று கேட்டார். இல்லை என்றான். கட்டு நழுவுகிறதா? இல்லை. காற்றா? இல்லை. பின்னே என்னதான் என்று அவர் குரல் ஏறியது. அவன் பேசாமல் இருந்தான். எல்லாருடைய வாக்கி-டாக்கியும் ஒரே அலைவரிசை. அந்த மௌனத்தை அந்த இடத்தில் இருந்த எல்லாரும் கேட்டார்கள்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும் அவனுக்கு, அக்காவுக்குக் கை சரியில்லை என்று சொல்லிவிட்டால் மேஸ்திரி வாயடைத்துப் போவார். அவன் சொல்லவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று விட்டானா, இல்லை அவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையா, தெரியாது.

மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. காரணம் சொல்லாதவன் வாக்கி-டாக்கியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"அனுப்புங்க சார், போறேன்" என்றான் கொடி. "ஆனா இந்தச் சந்துல ஒரு ஆள் நிக்கறவரைக்கும் சரின்னு சொல்ல மாட்டேன்."

மேஸ்திரி பெருமூச்சு விட்டது கரகரவென்று கேட்டது. பிறகு அவர் மேலே பார்த்தார். "மேலக்கா, உங்களுக்கு எல்லாம் சரிதானே? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இறக்கிடலாம்."

சரி. இரண்டே எழுத்து. சொன்னால் கொடி வீட்டுக்குப் போவான், ஜெனரேட்டர் இறங்கும், அவள் நாளைக்கும் ஏணியில் ஏறுவாள். பாக்கி இருப்பது ஆறு மீட்டர். விரல் இன்னொரு முறை வழுக்காமல் இருந்தால் போதும். வழுக்கினால், குலுங்குகிற மூன்று டன்னுக்கும் சுவருக்கும் நடுவே யாராவது நிற்பார்கள். வழுக்காது என்று நினைத்தாள். நானூறு முறையும் அப்படித்தான் நினைத்தாள்.

வாக்கி-டாக்கியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் நிற்கவில்லை. அழுந்துவதும் விடுவதுமாக, கடகடகடவென்று ஒரு சத்தம் அங்கே இருந்த இருபது வாக்கி-டாக்கியிலும் கேட்டது. மேஸ்திரி தன்னுடையதைத் தட்டிப் பார்ப்பது மேலேயிருந்து தெரிந்தது. அது பழுது என்று நினைத்துவிட்டார். அவளுக்குப் புரிந்தது, அந்தச் சத்தம் தன் கைதான். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கூண்டில் அழுதாள். அழுதுகொண்டே இடது கைக்கு மாற்றினாள்.

"தம்பி நிறுத்துனது சரி. கிரேன்ல ஒண்ணும் இல்ல, என் கை நடுங்குது. சந்துல இருக்கறவங்க எல்லாரும் வெளிய போங்க. அப்புறம் முன்னாடி மைதானத்துல ஒரு ஆள் இருக்கக் கூடாது."

கொடிதான் முதலில் பேசினான். சந்து காலி என்றான். கொஞ்ச நேரம் கழித்து மைதானம் காலி என்றான். அதற்குள் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. அவள் உடம்பைத் திருப்பி, வலது லிவரை இடது கையால் பிடித்தாள். ஒரு நேரத்தில் ஒரு அசைவு. முதலில் தூக்கினாள். கூரைக்கு மேலே வந்த ஜெனரேட்டரைக் காற்று தள்ளியது, அது ஆடத் தொடங்கியது. அது போகிற பக்கமே கொக்கியைக் கொண்டுபோனாள், கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஆட்டம் அடங்கியது. மைதானத்துக்கு நேராக வர இருபது நிமிடம் பிடித்தது, மற்ற நாளாக இருந்தால் இரண்டு நிமிட வேலை. கடைசி வரைக்கும் கொடியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "இறக்கு. இறக்கு. ஒரு முழம். அரை முழம். போதும்." ஜெனரேட்டர் மண்ணில் உட்கார்ந்தது.

ஏணியில் இறங்க அன்று ஒரு மணி நேரம் ஆனது. கீழே மேஸ்திரியும் கொடியும் நின்றிருந்தார்கள். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். மேஸ்திரி திட்டவில்லை. அவருக்கும் திட்டத் தெம்பில்லை. எத்தனை நாளாக இப்படி என்று மட்டும் கேட்டார்.

"மூணு மாசமா" என்றாள்.

கொடி நிமிர்ந்து பார்த்தான். அவன் நினைத்திருந்தது வேறு. கதவு வைத்த லெவல் வந்து ஐந்து நாள்தானே ஆகிறது, நடுக்கமும் அப்போது தொடங்கியதாக இருக்கும், பாவம் சொல்லத் தயங்குகிறாள் என்றுதான் காலையிலிருந்து அவன் கணக்குப் போட்டிருந்தான்.

"மூணு மாசமாவா?" என்றான். "அப்ப அந்தப் படிக்கட்டு குலுங்குச்சே, அது?"

"கியர் பெட்டி இல்ல. என் கைதான்."

"நான் அதுக்கு நேர் கீழ நின்னேன் அக்கா."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அவ்வளவு உயரத்திலிருந்து கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். ஆனால் அன்றைக்கு அவளிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"தெரியும் தம்பி" என்றாள். "உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, வாசலுக்குப் போய் ஒரு வண்டியை நிறுத்தினான். ஆஸ்பத்திரிக்கு என்று ஓட்டுநரிடம் சொன்னான். அவள் மெதுவாக நடந்து வந்து சேரும்வரை பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏறுங்க" என்றான். அக்கா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.